"எஃப்டி மாதிரிதான் டீச்சர்": வங்கிக் கவுண்டரில் இருந்து ஒரு கேள்வி

கவுண்டர்_3 | 18 மார்ச் 2025, இரவு 10:42

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஒரு தனியார் வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். வங்கியின் பெயர் வேண்டாம். ஊர் டெல்டா பக்கம் ஒரு சின்ன டவுன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்து 3 வருஷம் ஆகிறது. கணக்குத் திறப்பது, எஃப்டி (நிரந்தர வைப்பு) போடுவது, கூடவே இன்சூரன்ஸ் விற்பது. உண்மையில் கடைசியாகச் சொன்னதுதான் வேலை. மற்றதெல்லாம் அதற்கு ஆள் பிடிக்கிற வாசல்.

மார்ச் மாதம் என்பதால் கிளைக்கு இன்னும் 2 பாலிசி லாகின் ஆக வேண்டும். நாளை மறுநாள் ஒரு டீச்சரம்மாவின் எஃப்டி முதிர்வடைகிறது. 12 லட்சம். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, வயது 67, கணவர் இல்லை. "அந்தம்மா உன் பேச்சைத்தான் கேப்பாங்க, நீயே பேசி முடிச்சுடு" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பாலிசிக்கு வருஷம் 2 லட்சம், 10 வருஷம் கட்ட வேண்டும். ஆனால் அவரிடம் சொல்ல வேண்டியது இது: "எஃப்டி மாதிரிதான் டீச்சர். 5 வருஷத்துல எடுத்துக்கலாம், வட்டியைவிட கூடவே வரும், இன்சூரன்ஸ் ஃப்ரீ."

நானும் இரண்டு நாளாக யோசித்துப் பார்க்கிறேன். இதில் எந்த வார்த்தை பொய்? "மாதிரி" என்றுதானே சொல்கிறோம். 5 வருஷத்தில் எடுக்கலாம் என்பதும் உண்மை. எவ்வளவு குறைத்துக் கொடுப்பார்கள் என்பதைத்தான் சொல்வதில்லை.

மறுத்தால் டிரான்ஸ்ஃபர், இல்லாவிட்டால் 'பெர்ஃபார்மன்ஸ்' கடிதம். அப்பா இல்லை. வீட்டுக் கடன் மாதம் 14,500. தங்கை கல்லூரியில் இரண்டாம் வருஷம். கதை சொல்லாமல் யாராவது வழி சொல்லுங்கள்.

---

பழைய கேஷியர் | 18 மார்ச், இரவு 11:20

தம்பி, நான் அரசு வங்கியில் 34 வருஷம் இருந்தவன். எங்கள் காலத்தில் கவுண்டரில் இன்சூரன்ஸ் கிடையாது, அதனால் எனக்கு யோக்கியனாக இருப்பது சுலபமாக இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"மாட்டேன்" என்று மேனேஜரிடம் போய்ச் சண்டை போட வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொள். உன் கையெழுத்தில், தமிழில் எழுது. "இது வைப்புத்தொகை இல்லை. வருடம் 2 லட்சம் வீதம் 10 வருடம் கட்ட வேண்டும். நடுவில் நிறுத்தினால் கட்டியதைவிடக் குறைவாகத்தான் திரும்பி வரும்." அந்தம்மா கையில் கொடு, படிக்கட்டும். படித்த பிறகும் வேண்டும் என்றால் அது அவர் இஷ்டம்.

நீ பாலிசியை விற்க மாட்டேன் என்று சொல்லவில்லை பார். மேனேஜர் என்ன குற்றம் சொல்வார்? "உண்மையை எழுதிக் கொடுத்தான்" என்று கடிதம் கொடுப்பாரா?

---

ஊருக்கு_உபதேசம் | 18 மார்ச், இரவு 11:51

கடிதத்தில் அப்படி எழுத மாட்டார் கேஷியர் சார். "இலக்கை எட்டவில்லை" என்று எழுதுவார். உங்கள் பென்ஷன் ஒழுங்காக வருகிறது, அந்தப் பையனுக்கு 5ம் தேதி இ.எம்.ஐ. போக வேண்டும்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இங்கே அறம் பேச வரப்போகிறவர்களில் எத்தனை பேர் இந்த மாதம் அப்பா பெயரில் வாடகை ரசீது எழுதி, 1 ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, வரியில் ஹெச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப் படி) கழித்தீர்கள்? மனை வாங்கியபோது கைடுலைன் வேல்யூவுக்கு (அரசு வைத்த குறைந்தபட்ச மதிப்புக்கு) பத்திரம் போட்டுவிட்டு மீதியை மஞ்சள் பையில் கொடுத்தவர்கள் எத்தனை பேர்? அவர்கள் எல்லோரும் கொஞ்சம் ஓரமாக நில்லுங்கள். மிச்சம் இருக்கிறவர் அந்தப் பையனுக்குப் புத்தி சொல்லலாம்.

---

சைட்டில் ஒருவன் | 19 மார்ச், காலை 6:15

நான் ஓரமாகத்தான் நிற்கிறேன், போன வருஷம் வாடகை ரசீது போட்டேன். ஆனால் ஓரத்தில் நின்றபடியே ஒன்று சொல்கிறேன். "எந்த வார்த்தை பொய்" என்று கேட்டாரே, அதே கேள்வி எனக்கும் வந்திருக்கிறது.

கான்கிரீட் போடும்போது 15 சென்டிமீட்டர் கியூப் எடுத்து வைப்போம். 7ம் நாள் சில, 28ம் நாள் சில என்று லேபில் நசுக்கிப் பார்ப்பார்கள். எம்25 ரகக் கான்கிரீட் என்றால் 28ம் நாளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்க வேண்டும். ஒரு அபார்ட்மென்ட் வேலையில் மேஸ்திரியின் ஆள் ஒருவர் ஸ்லாபுக்கு, அதாவது மேல்தளத்துக்குப் போகிற கலவையிலிருந்து கியூபை நிரப்பவில்லை. ஓரமாக ஒரு சட்டியில் இரண்டு கை சிமென்ட் கூடப் போட்டுக் கலந்து நிரப்பினார். ரிப்போர்ட் பிரமாதமாக வந்தது. அந்த ரிப்போர்ட்டில் ஓர் எண்கூடப் பொய் இல்லை. அந்தக் கியூப் உண்மையாகவே 31 தாங்கியது. ஆனால் அந்தக் கலவை அந்த வீட்டில் எங்குமே இல்லை, அவ்வளவுதான்.

உங்கள் "மாதிரி" என்ற சொல்லும் அந்தக் கியூப்தான். தனியாக எடுத்துச் சோதித்தால் பாஸ் ஆகும். அந்தம்மா தலைக்கு மேல் இருக்கப்போகிற ஸ்லாபைப் பாருங்கள்.

நான் அன்று என்ன செய்தேன் என்று யாராவது கேட்பீர்கள். அந்த முறை ஒன்றும் செய்யவில்லை, கையெழுத்துப் போட்டேன். அடுத்த ஸ்லாபிலிருந்து நானே மிக்சர் வாயில் நின்று கியூப் எடுக்க ஆரம்பித்தேன். யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. "நானே எடுக்கிறேண்ணே, எனக்கும் பழக்கமாகணும்" என்றேன். கேஷியர் சார் சொன்ன வெள்ளைத் தாளும் அந்த வகைதான்.

---

தணிக்கை | 19 மார்ச், காலை 9:05

முதலில் உபதேசம் அவர்களுக்கு. அப்பாவுக்கு வாடகை கொடுப்பது தப்பில்லை. வீடு அவர் பெயரில் இருந்து, பணம் நிஜமாகவே அவர் கணக்குக்குப் போய், அவர் அதை வருமானமாகக் காட்டினால் சட்டப்படி சரி. போகாத பணத்துக்கு ரசீது எழுதினால்தான் பொய். மஞ்சள் பை விஷயம், சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய அளவுக்கே அபராதம் வரலாம். ஆக, எல்லாரும் செய்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த டீச்சரின் 12 லட்சத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. நான் ஸ்டாம்ப் ஒட்டினால் அவர் ஏமாறலாமா?

இப்போது கவுண்டர் தம்பிக்கு. இரண்டு விஷயம்.

அந்தம்மாவுக்கு 60 தாண்டிவிட்டது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம், இந்தக் காலாண்டில் 8.2 சதவீதம், 3 மாதத்துக்கு ஒரு முறை வட்டி கையில் வரும். அவர் கேட்கும் கேள்விக்கு நேர்மையான பதில் உங்கள் மேஜையில் இல்லாமல் அஞ்சலகத்தில்கூட இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு உண்டா என்பது வேறு விவாதம். உண்டு என்பேன் நான். எங்கள் தொழிலில் பலர் இல்லை என்பார்கள்.

இரண்டாவது, உங்கள் சொந்தப் பாதுகாப்பு. அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒரு வாடிக்கையாளருக்கு 8 கணக்கோ அட்டையோ விற்க வேண்டும் என்று ஊழியர்களை நெருக்கினார்கள். வாடிக்கையாளருக்கே தெரியாமல் அவர் பெயரில் கணக்குகள் திறக்கப்பட்டன. 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் வந்தபோது வங்கி சொன்ன கணக்கு என்ன தெரியுமா? சுமார் 5,300 ஊழியர்களை அதற்கு முன்பே வேலையை விட்டு அனுப்பிவிட்டோம் என்றார்கள். பெரும்பாலும் கிளையில் உட்கார்ந்திருந்தவர்கள். தலைமை அதிகாரி அந்த அக்டோபரில் பதவி விலகினார். அவர் மேல் 1.75 கோடி டாலர் தனி அபராதமும் வங்கித் தொழிலில் தடையும் வந்தது 2020ல். எந்த வரிசையில் விழுந்தார்கள் என்று பாருங்கள். "பேசி முடி" என்று உங்கள் மேனேஜர் வாயால்தான் சொல்கிறார். படிவத்தில் இருக்கப்போவது உங்கள் கையெழுத்து.

---

மணிமிடைபவளம் | 19 மார்ச், மதியம் 1:30

ஈன்றாள் பசிகாண்பான் ஆயினுஞ் செய்யற்க
சான்றோர் பழிக்கும் வினை.

குறள் 656. இதற்கு மேல் என்ன சொல்ல இருக்கிறது?

---

நைட் டூட்டி | 19 மார்ச், மாலை 4:48

நிறைய இருக்கிறது அய்யா. பெற்றவள் பசியோடு இருக்கிற வீட்டில் நின்று அந்தக் குறளைச் சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? வள்ளுவர் எழுதியதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதை ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் மேல்தான் வருத்தம். அந்தத் தம்பி வழி கேட்டார், அவருக்குச் சுவரில் மாட்ட வாசகம் கொடுக்கிறீர்கள்.

நான் ஆஸ்பத்திரி நர்ஸ். எங்கள் வார்டில் அடிக்கடி நடப்பதைச் சொல்கிறேன். நோயாளிக்குப் புற்றுநோய். மகன் வந்து, "சிஸ்டர், அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, அல்சர்னு சொல்லியிருக்கோம்" என்பார். ராத்திரி 2 மணிக்கு அந்த அப்பா கேட்பார், "எனக்கு என்னம்மா?" வேலைக்குச் சேர்ந்த புதிதில் "அல்சர்தான் அய்யா" என்று நானும் சொல்லியிருக்கிறேன். அதற்கப்புறம் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் ட்ரிப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது அல்சர் என்ற சொல் என் வாயிலிருந்து வராது என்று முடிவு செய்து வைத்திருக்கிறேன். "டாக்டர் என்ன சொன்னாங்க அய்யா? நீங்க என்ன தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்பேன். பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுவார்கள், அவர்களுக்கு அன்றைக்குத் தெரிய வேண்டாம். மீதிப் பேர் நேராகக் கேட்பார்கள். அவர்களிடம், "காலையில டாக்டரை உங்க பக்கத்துல உட்கார வெச்சு பேசச் சொல்றேன்" என்பேன், சொன்னபடி செய்வேன். மகன்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் நான் எதையும் போட்டு உடைக்கவில்லை.

ராத்திரி 2 மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் ஒழுக்கம் பற்றி யோசிக்க முடியாது தம்பி. பகலிலேயே யோசித்து, எந்த வரியைச் சொல்ல மாட்டேன் என்று ஒன்றை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கு அது "எஃப்டி மாதிரி". நாளைக்குக் காலையில் மேனேஜர் பக்கத்திலேயே நின்றாலும் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லாதீர்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

---

மணிமிடைபவளம் | 19 மார்ச், மாலை 6:10

சகோதரி சொன்னது சரி. அவசரப்பட்டு ஒட்டிவிட்டேன். மன்னிக்கவும்.

---

கவுண்டர்_3 | 19 மார்ச், இரவு 9:33

நன்றி எல்லோருக்கும். குறள் என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது, சிரித்துவிட்டேன். எங்கள் மேனேஜர் மீட்டிங்கில் அடிக்கடி ஒரு குறள் சொல்வார். "பொய்மையும் வாய்மையிடத்த." நல்லது நடக்கும் என்றால் பொய்கூட உண்மைதானாம், இன்சூரன்ஸ் நல்லதுதானே என்பார். இதற்கு என்ன பதில் சொல்வது?

---

மணிமிடைபவளம் | 19 மார்ச், இரவு 10:02

இதற்காவது நான் உதவுகிறேன். 292வது குறள்.

பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த
நன்மை பயக்கும் எனின்.

உங்கள் மேனேஜர் "புரைதீர்ந்த" என்ற சொல்லை விழுங்கிவிட்டார். குற்றமற்ற நன்மை, யாருக்கும் ஓட்டை வைக்காத நன்மை. அது விற்பவருக்குக் கமிஷன், மேனேஜருக்கு இலக்கு, வாடிக்கையாளருக்கு 10 வருடச் சங்கிலி என்று பிரிந்து நின்றால் அதில் புரை இல்லையா? 30 வருடம் பள்ளியில் தமிழ் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தக் குறளைப் போலத் தப்பு செய்கிறவர்களுக்கு உதவிய குறள் வேறு இல்லை. மாணவர்கள் வீட்டுப்பாடம் எழுதாததற்கெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

நாளைக்கு மேனேஜரிடம் இந்த விளக்கத்தைச் சொல்லிவிடாதீர்கள். அதுதான் வேலைக்கு நிஜமான ஆபத்து.

---

கவுண்டர்_3 | 29 மார்ச், இரவு 11:15

தாமதத்துக்கு மன்னிக்கவும். வருஷக் கடைசி, வீட்டுக்கு வருவதே 10 மணி.

20ம் தேதி டீச்சர் வந்தார். கேஷியர் சார் சொன்ன மாதிரி தாளில் எழுதி வைத்திருந்தேன். கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். என் பேனாவை வாங்கி, "கட்டியதைவிட குறைவாக" என்று இருந்ததில் நடுவே ஒரு 'க்' போட்டார். "விடக் குறைவாக, ஒற்று மிகும்" என்றார். அப்புறம், "அப்போ இது எஃப்டி இல்லை, அப்படித்தானே?" என்று கேட்டார். "இல்லை டீச்சர்" என்றேன். எஃப்டியைப் புதுப்பித்துவிட்டுப் போனார். தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அஞ்சலகத் திட்டத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. தைரியம் வரவில்லை, மேனேஜர் கண்ணாடி அறைக்குள் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

பயந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. மேனேஜர் இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். 26ம் தேதிக்குள் அந்த 2 பாலிசியும் வந்துவிட்டன. பக்கத்து சீட் நண்பர், உரக்கடை வைத்திருக்கும் ஒருவருக்கும் அவர் மனைவிக்கும் போட்டுவிட்டார். என்ன சொல்லிப் போட்டார் என்று எனக்குத் தெரியும், எனக்குக் காது கேட்கும். ஆக நான் சொல்லாத வரியை வேறொருவர் சொன்னார், வேறொருவர் பணம் போனது.

நான் எழுத வந்தது இதை இல்லை. நேற்று ஒருவர் கவுண்டருக்கு வந்தார். ரிடையரான கண்டக்டர். போன வருஷம் மார்ச்சில் அவருக்கு ஒரு பாலிசி போட்டேன். நான்தான். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் 3 லட்சம். "ஒரு தடவை கட்டினா போதும்ணே" என்று சொன்னேன். இப்போது இரண்டாவது பிரீமியம் 3 லட்சம் கட்டச் சொல்லி மெசேஜ் வந்திருக்கிறது. போனை என்னிடம் நீட்டி, "இது யாரோ தப்பா அனுப்பிட்டாங்க போல தம்பி, பாருங்க" என்றார்.

பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அவருக்குப் பென்ஷன் மாதம் 18,000. படிவத்தில் ஆண்டு வருமானம் 9 லட்சம் என்று நிரப்பியிருக்கிறேன், அப்படிப் போட்டால்தான் சிஸ்டம் வாங்கும். சரிபார்ப்பு அழைப்பு வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, "எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லுங்கண்ணே" என்றேன். படிவம் ஆங்கிலம், அவர் கையெழுத்துத் தமிழ். அதனால் "இதில் உள்ளதைத் தமிழில் விளக்கினேன், அவர் புரிந்துகொண்டார்" என்று கீழே ஒரு உறுதிமொழி இருக்கும். அதில் என் கையெழுத்து.

டீச்சர் விஷயத்தில் நீங்கள் எல்லோரும் என்னை நல்லவனாக நினைத்திருப்பீர்கள். அதனால்தான் இதையும் எழுதுகிறேன்.

---

மகள் | 30 மார்ச், காலை 7:02

என் அப்பாவுக்கும் இப்படித்தான் போட்டார்கள். வேறு ஊர், வேறு வங்கி. 2 வருஷம் கட்டினார், முடியவில்லை, நிறுத்தினார். எங்களிடம் சொல்லவே இல்லை, ஏமாந்துவிட்டோம் என்று வெட்கம். அவர் போன பிறகு பீரோவில் காகிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். விற்ற பையன் தீபாவளிக்கு வீட்டுக்கு ஸ்வீட் பாக்ஸ் கொண்டு வந்தவன்.

உங்களைத் திட்ட வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். "பார்த்துச் சொல்கிறேன்" என்று அனுப்பிவிட்டதாக எழுதியிருக்கிறீர்களே, எப்போது சொல்வீர்கள்?

---

நைட் டூட்டி | 30 மார்ச், காலை 8:40

மகள் கேட்டதுதான் முதல் கேள்வி. தம்பி, ஒன்று சொல்கிறேன். அவர் வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு வந்துவிடாதீர்கள்.

ஒரு தடவை நான் மருந்து அளவை மாற்றிக் கொடுத்துவிட்டேன். தெரிந்ததும் கை கால் நடுங்கி, நோயாளியின் மனைவியிடம் ஓடி மன்னிப்புக் கேட்கப் போனேன். சீனியர் சிஸ்டர் கையைப் பிடித்து இழுத்தார். "முதல்ல பி.பி. பாரு. டாக்டருக்குப் போன் போடு. அப்புறம் இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுது. அவங்ககிட்ட என்ன நடந்ததுன்னு சொல்லு. அழணும்னா டூட்டி முடிஞ்சு அழு." நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ரிப்போர்ட்டால் எனக்கு மெமோ வந்தது.

உங்கள் கண்டக்டருக்கு இப்போது பி.பி. என்பது அந்த 3 லட்சம்.

---

தணிக்கை | 30 மார்ச், காலை 11:25

நடைமுறையைச் சொல்கிறேன்.

பாலிசி கையில் கிடைத்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கும் உரிமை போய்விட்டது. அதனால் எல்லாம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு அவர் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். மறுத்தாலோ, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (கம்பெனிக்கு வெளியே இருக்கும் குறைதீர்ப்பாளர்) போகலாம், சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை உத்தரவிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. கம்பெனி மறுத்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அதனால் பாலிசி போட்டு ஒரு வருஷம் ஆனது மட்டும் தடையாகாது.

"சரிபார்ப்பு அழைப்பில் ஆமாம் என்று சொல்லியிருக்கிறாரே" என்று கம்பெனி ஒலிப்பதிவைக் காட்டும். அவர் பக்கம் பலமாக இருப்பது வருமான எண். பாலிசிப் பத்திரத்தோடு படிவத்தின் நகல் இருக்கும், அதில் 9 லட்சம். அவர் பென்ஷன் புத்தகத்தில் மாதம் 18,000. ஆண்டுக்கு 2.16 லட்சம் வாங்குகிறவர் தெரிந்தே ஆண்டுக்கு 3 லட்சம் கட்ட ஒப்புக்கொண்டார் என்று யார் நம்புவார்கள்?

கசப்பான பகுதி. அந்த எண்ணை எழுதியதும், உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டதும் நீங்கள். புகார் ஜெயிக்க ஜெயிக்க உங்கள் பக்கம் சாயும். வேலை போகலாம், விற்பனைச் சான்றிதழ் போகலாம். எதையும் எழுத்தில் கொடுப்பதற்கு முன் ஒரு வக்கீலைப் பாருங்கள். கோழைத்தனம் என்று நினைக்காதீர்கள். அரைகுறையாக ஏதாவது எழுதிக் கொடுத்தால் அவருக்கும் உதவாது.

---

ஊருக்கு_உபதேசம் | 30 மார்ச், மதியம் 12:10

இப்போது இங்கே நாலு பேர் "ராஜினாமா செய்துவிடு" என்று வருவார்கள், அதற்கு முன் நான் முந்திக்கொள்கிறேன். ராஜினாமா செய்யாதே. நீ போனால் உன் மனசுக்குச் சுகம். அந்தக் கண்டக்டர் அண்ணன் அடுத்த வாரம் கவுண்டருக்கு வந்து "அந்தத் தம்பி எங்கே" என்று கேட்பார், "அவர் வேலையை விட்டுப் போயிட்டார், எங்களுக்குத் தெரியாது" என்பார்கள். உள்ளே ஆள் இல்லாத புகார் ஆறு மாதம் தூங்கும்.

உன் இ.எம்.ஐ. பற்றிப் பேசியதும் நான்தான். அது இன்னும் அப்படியே இருக்கிறது. ஆனால் டீச்சர் கதையில் நீ செய்யாமல் இருந்தால் போதும் என்று இருந்தது. இதில் நீ ஏற்கெனவே செய்துவிட்டாய். எனக்கே இது வேறு கணக்காகத்தான் தெரிகிறது.

---

சைட்டில் ஒருவன் | 30 மார்ச், இரவு 8:55

உபதேசம் சார் இப்படி எழுதுவார் என்று நான் நினைக்கவில்லை.

நான் கையெழுத்துப் போட்ட அந்த முதல் ஸ்லாப் பற்றி யாரும் கேட்கவில்லை. 10 நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது மாடி. ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். சுத்தியல் மாதிரி ஒரு கருவி இருக்கிறது, உடைக்காமலே கான்கிரீட் மேல் தட்டிப் பார்த்துத் தோராயமாகப் பலம் சொல்லும். பராமரிப்பு என்ற பெயரில் போய்த் தட்டிப் பார்க்கலாம். எண் குறைவாக வந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் போகாமல் இருக்கிறேன். தம்பி எழுதியதைப் படித்த பிறகு கருவிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை.

---

பழைய கேஷியர் | 31 மார்ச், காலை 5:50

கவுண்டர் தம்பி, அவரை வங்கிக்கு வரச் சொல்லாதே. அவர் வீட்டுக்குப் போ. தெரிந்த ஆளைக் கூட்டிக்கொண்டு போகாதே, தனியாகப் போ. அவர் மனைவி இருக்கும்போது சொல். பணத்தை இழந்தவருக்கு வீட்டில் அதைச் சொல்வதுதான் பெரிய பாடு. மகள் எழுதியதைப் படித்தாய் அல்லவா?

---

கவுண்டர்_3 | 13 ஏப்ரல், இரவு 9:20

6ம் தேதி ஞாயிற்றுக்கிழமை போனேன். அதற்கு முன் ஒரு வக்கீலைப் பார்த்தேன். 1,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, தணிக்கை சார் சொன்னதையே கொஞ்சம் பயமுறுத்திச் சொன்னார்.

அவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். மெசேஜ் தப்பாக வரவில்லை, 10 வருஷம் கட்ட வேண்டிய பாலிசி அது, நான் உங்களிடம் அப்படிச் சொல்லவில்லை என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அந்தம்மா எழுந்து உள்ளே போனார். காபி போடத்தான் போகிறார் என்று நினைத்தேன், திரும்பி வரவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர், "நீங்க அன்னிக்கு ஆமான்னு சொல்லச் சொன்னப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு தம்பி. படிச்ச புள்ள சொல்லுதேன்னு சொன்னேன்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இரண்டாவது தவணை கட்ட வேண்டாம் என்று சொன்னேன். பத்திரத்தை எடுத்து வரச் சொல்லி, படிவத்தில் 9 லட்சம் எங்கே இருக்கிறது, என் கையெழுத்து எங்கே இருக்கிறது என்று காட்டினேன். புகாரை நான் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். "வேணாம், நானே எழுதறேன், நீங்க விஷயத்தைச் சொல்லுங்க" என்றார்.

30 வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு எழுதியவர். எண்கள் அச்சடித்த மாதிரி இருந்தன. தேதி, தொகை, பாலிசி எண் எல்லாம் எழுதிவிட்டு ஒரு இடத்தில் நிறுத்தினார். "ஒரு தடவை கட்டினால் போதும் என்று என்னிடம் கூறியவர்" என்று எழுதி, பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "வங்கி ஊழியர் ஒருவர்னு போட்டுடட்டுமா?"

என் பெயரையே போடுங்கள் என்றேன்.

"இனிஷியல் என்ன?"

சொன்னேன். எழுதினார்.

மறுநாள் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டார். ரசீதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார், வேறு ஒன்றும் எழுதவில்லை. கிளையில் இன்னும் யாருக்கும் தெரியாது. பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.

சைட் அண்ணே, வியாழக்கிழமை என்ன ஆச்சு?